கொம்பும் சேரியும்: மட்டக்களப்பு வாவிப் பிரதேசத்தில் ஒரு விளையாட்டின் மறைவும் மீட்பும்

1. வினா

சுவடியைச் சேகரிக்கலாம், நாணயத்தைச் சேகரிக்கலாம், உடைந்த மட்பாண்டத்தின் ஓட்டினையும் இலக்கமிட்டு அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பேழைக்குள் வைக்கலாம். விளையாட்டு ஒன்றினைச் சேகரிப்பது எவ்வாறு? ஆடுகருவி கைக்குக் கிட்டும், ஆட்டவிதிகளை எழுதிக்கொள்ளலாம், பாடல் இருப்பின் அதனை ஒலிப்பதிவு செய்யலாம். இவை யாவற்றையும் ஓரிடத்திற் குவித்த பின்னரும், ஆடுவோர் இல்லாதவிடத்து, நம்மிடம் எஞ்சுவது விளையாட்டுத்தானா என்னும் ஐயம் நீங்குவதில்லை.

இவ்வையத்தை மட்டக்களப்பு வாவிப் பிரதேசத்தின் ஒரு விளையாட்டினை முன்வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். கண்ணகி வழிபாட்டோடு இணைந்து எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் ஆடப்பெற்று வந்த கொம்பு விளையாட்டு, கொம்புமுறி விளையாட்டு எனவும் வழங்குவது. அயல்நாட்டுப் பயணியர், குடியேற்ற ஆட்சியின் உத்தியோகத்தர், உள்ளூர்ப் பண்டிதர், மானிடவியலாளர் எனப் பல திறத்தாரின் கவனத்தையும் அது ஈர்த்துள்ளது. ஆயினும் அதனைப் பற்றிய எழுத்துப் பெருகிய அதே காலத்திலேயே ஆடுகளத்தில் அதன் வழக்கு அருகிவந்தது. உள்நாட்டுப் போர் 2009 ஆம் ஆண்டு முடிவுற்ற பின்னர், அருகிய மரபுகளை மீட்டெடுத்தல் வேண்டும் என்னும் குரல் கிழக்கிலங்கையிற் பலவாறாக எழுந்துள்ளது. அக்குரல் வரவேற்கத்தக்கதே. ஆயின், எதனை மீட்பது என்னும் வினாவுக்கு விடை காணாது மீட்பினைத் தொடங்குவோமாயின், மீட்டது போன்ற மயக்கமே மிஞ்சும்.

நாம் ஈண்டு நிறுவ முற்படும் கருத்து இதுவே: கொம்பு விளையாட்டின் உயிர் வளைந்த மரக்கொம்பில் இல்லை; இழுக்கும் வடத்திலும் இல்லை. ஓர் ஊர் தன்னைத்தானே இருகூறாகப் பகுத்து, முரணி, ஏசி, மீண்டும் ஒன்றாகிக்கொள்ளும் சமூக ஏற்பாட்டில் அது உள்ளது. அவ்வேற்பாட்டைச் சேகரித்தோர் மிகச் சிலர். அதனை நினைவிற் கொண்டிருக்கும் தலைமுறையோ முதுமையடைந்துவிட்டது.

2. விளையாட்டின் அமைப்பு

மட்டக்களப்பிற் கண்ணகியம்மன் கோயில்கள் பல, ஆண்டின் பெரும்பகுதியும் மூடிக்கிடந்து வைகாசி மாதத்திலேயே கதவு திறப்பவை. காரைதீவு, செட்டிபாளையம், மகிழடித்தீவு முதலிய ஊர்களின் கோயில்கள் இவ்வழிபாட்டால் நன்கறியப்பட்டவை. அக்காலத்திற் கண்ணகி வழக்குரை ஏடு படிக்கப்படும். இறுதியில் அம்மனின் சினந்தணியக் குளிர்த்தி நிகழும். மதுரையை எரித்த வெம்மை ஊரையும் தாக்காதிருத்தல் வேண்டும். அம்மையும் கொள்ளைநோயும் விலகுதல் வேண்டும். வானம் பொழிதல் வேண்டும். கொம்பு விளையாட்டும் இதே வேண்டுதலின் இன்னொரு வடிவமே. ஊரில் நோய் கண்டபோதும் மழை பொய்த்தபோதும் அது ஆடப்பெற்றது.

ஆட்டத்தின் புறவடிவம் எளிமையானது. வளைந்த வைரக்கொம்புகள் இரண்டு ஒன்றோடொன்று கொளுவப்படும். ஒன்று அசையாவண்ணம் பிணைக்கப்பட, மற்றையதன் வடத்தை ஆட்கள் திரண்டு இழுப்பர். எந்தக் கொம்பு முறிகின்றதோ அந்தக் கட்சி தோற்றதாகும். வென்றோர் தோற்றோரை ஏசிப் பாடுவர். போர்த்தேங்காய் அடித்தலும் இதனோடு உறவுடைய ஆட்டமாகும். அங்கும் இரு கட்சிகள். அங்கும் ஒன்று உடைந்தே தீரும்.

கட்சிகளின் பெயர் வடசேரி, தென்சேரி. வடசேரி கோவலனுக்குரியது, தென்சேரி கண்ணகிக்குரியது. சேரி என்னுஞ் சொல் ஈண்டு தமிழகத்தில் இன்று ஏறியுள்ள இழிபொருளைக் குறிப்பதன்று; அணி, பக்கம் என்பதே அதன் பொருள். பூப்பறிக்கச் சென்ற கணவன் மனைவியரின் துறட்டிகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ள, இருவர் பக்கத்தாரும் இழுத்தமையே விளையாட்டின் தோற்றம் எனக் கதை வழங்குகின்றது. சிலப்பதிகாரத்துக் கண்ணகி தன் கணவனை ஒருபோதும் எதிர்த்து நிற்பவள் அல்லள். கொம்பு விளையாட்டின் கண்ணகியோ ஒரு கட்சியின் தலைவி. காவியம் கூறத் துணியாத முரண்பாட்டை ஊரார் தம் களத்தில் இழுத்துத் தீர்த்துக்கொண்டனர் எனலாம்.

இதனினும் கூர்ந்து நோக்கத்தக்கது சேரியின் உரிமை வழியாகும். மட்டக்களப்புச் சமூகத்திற் குடி தாய்வழியே வருவது. தமிழரிடத்தும் முஸ்லிம்களிடத்தும் இம்முறைமை உண்டு. கோயிலுரிமையும் வண்ணக்கர் பதவியும் முன்வரிசை மரியாதையும் குடியைப் பற்றியே அமைவன. சேரியோ தந்தைவழியே வருவதாகக் கொள்ளப்பட்டது. இதன் விளைவு எளிதிற் புலப்படும். ஒரே குடியைச் சேர்ந்த தாயும் பிள்ளைகளும் வெவ்வேறு சேரியினராதல் கூடும். கணவன் ஒரு சேரி, மனைவி மறுசேரி. மணமானபின் மனைவியின் ஊரிற் சென்று வாழும் ஆடவன் தான் பிறந்த சேரியையும் உடன்கொண்டு செல்வான். ஆகவே வடத்தின் இருபுறமும் நின்றோர் இரு வேறு குலத்தாரோ இரு வேறு தெருவாரோ அல்லர். ஒவ்வொரு வீட்டினுள்ளும் கோடு கிழித்து ஊரைப் பகுத்த பிரிவு அது. அதனாலேயே ஏச்சினைத் தாங்கிக்கொள்ளவும் ஆட்டம் முடிந்தபின் ஒரே பானையில் உண்ணவும் முடிந்தது.

3. தடையும் தண்டமும்

இவ்விளையாட்டுப் பற்றிய பழைய எழுத்துச் சான்று மட்டக்களப்பிலிருந்து கிடைப்பதன்று. கண்டி இராச்சியத்திலிருந்து கிடைப்பது. கண்ணகியைப் பத்தினி என வணங்கும் சிங்கள மக்களிடையே இதே ஆட்டம் அங்கெலிய என வழங்கும். ஆங்கும் இரு கட்சிகள் உள. உடுபில, யட்டிபில என்பன அவற்றின் பெயர். முன்னையது பாலங்கனுக்குரியது, அதாவது கோவலனுக்கு, பின்னையது பத்தினிக்கு. இருமொழி மக்களுக்கும் பொதுவான ஒரு மரபினை நாம் ஆராய்கின்றோம் என்பதை மறத்தலாகாது.

1660 ஆம் ஆண்டு சிறைப்பட்டு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கண்டி நாட்டில் வாழ்ந்த ஆங்கிலேயரான றொபேட் நொக்ஸ், 1681 இல் இலண்டனில் வெளியிட்ட நூலில், முழங்கை போல வளைந்த இரு கோல்களைக் கொளுவி இழுக்கும் இவ்வாட்டத்தை விவரிக்கின்றார். நாட்டினை நோயினின்றும் காக்கும்பொருட்டுப் பத்தினித் தெய்வத்துக்குச் செய்யும் பலியாக மக்கள் இதனைக் கருதினர் என்கின்றார். வென்றோர் பாடிய பாடல்களையும் காட்டிய மெய்ப்பாடுகளையும் எழுதுதல் தமக்கு நாணந்தரும் எனக் கூறி அவற்றை விட்டுவிடுகின்றார்.

நமக்கு மிகவும் பயன்படுவது அவர் அடுத்துக் கூறும் செய்தியாகும். ஒருகாலத்தில் மன்னன் இரண்டாம் இராசசிங்கனே இவ்வாட்டத்திற் கலந்துகொண்டவன். பின்னர் அவனே அதனைத் தண்டப்பணம் விதித்துத் தடைசெய்தான். ஆட்டமும் வழக்கிழந்தது. ஆயின் கம்பளைப் பகுதி மக்கள், அதன்மீது கொண்டிருந்த பெருவிருப்பினால், தடையை மீறி அதனை மீண்டும் ஆடினர். செய்தி மன்னன் செவிக்கெட்டவே, பிரதானி ஒருவனை அனுப்பித் தண்டம் அறவிட்டான். மக்கள் தாமாக வந்து செலுத்தமாட்டார் என்பதை உணர்ந்த அப்பிரதானி சூழ்ச்சியாலேயே அதனைப் பெறவேண்டியிருந்தது.

கொம்பு விளையாட்டின் முதலாவது எழுத்துப் பதிவே அதன் முதலாவது மீட்பின் பதிவாகவும் இருத்தல் வியப்புக்குரியது. அம்மீட்பில் ஏட்டுக்கும் இடமில்லை, அறிஞருக்கும் இடமில்லை. கட்சிகள் உயிரோடிருந்தன. எந்தப் பக்கத்தில் நிற்பது என்பதை ஒவ்வொருவனும் அறிந்திருந்தான். கொம்பு காட்டிற் கிடைத்தது. அரசன் ஆட்டத்தைத் தடுக்க முடிந்ததேயன்றிக் கட்சிகளைக் கலைக்க முடியவில்லை.

4. சேகரித்தோரும் அவர் விட்டவையும்

பிரித்தானிய ஆட்சியில் விளையாட்டு ஓர் ஆய்வுப்பொருளாயிற்று. 1845 இல் நிறுவப்பெற்ற றோயல் ஆசியச் சங்கத்தின் இலங்கைக் கிளை தன் சஞ்சிகையில், சிங்களவரின் விளையாட்டுக்கள் பற்றி லியோபோல்ட் லுடோவிசி எழுதிய கட்டுரையை 1873 இல் வெளியிட்டது. நீர்ப்பாசனப் பொறியியலாளராகப் பணிபுரிந்த ஹென்றி பாக்கர், 1909 இல் வெளிவந்த 'பண்டைய இலங்கை' என்னும் பொருள்படும் ஆங்கில நூலிற் கட்டங்களில் ஆடும் விளையாட்டுக்களை வரைபடங்களுடன் விளக்கினார். சிவில் சேவையாளரான ஹியூ நெவில் திரட்டிய இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஏட்டுச்சுவடிகளை 1904 இல் பிரித்தானிய அருங்காட்சியகம் வாங்கிக்கொண்டது. இவர்தம் உழைப்பினை நாம் குறைத்து மதிப்பிடுதல் ஆகாது. ஆயின் அவர்கள் நோக்கு, பொருளை அதன் சூழலிலிருந்து பிரித்தெடுத்து வகைப்படுத்துவது. வரி அறவிடவும் குளங்கட்டவும் வந்தவர் கண்ணுக்கு ஆட்டம் தெரிந்தது. ஆடுவோரிடையே இருந்த உறவு தெரியவில்லை.

இதற்கு நேர்மாறான ஊக்கம் தமிழறிஞரிடத்து இருந்தது. உ. வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தைப் பதிப்பித்த 1892 ஆம் ஆண்டிலேயே, கண்ணகி கோயிலுள்ள காரைதீவில் விபுலானந்த அடிகள் பிறந்தார். வழக்கிழந்த யாழ்க்கருவியைச் சிலப்பதிகாரத்தினின்றும் அதன் உரையினின்றும் கணித முறையாற் கண்டறிந்து அவர் இயற்றிய யாழ்நூல், அவர் மறைந்த ஆண்டாகிய 1947 இல் அரங்கேறியது. மறைந்த ஒரு கருவியை ஏட்டிலிருந்து மீட்கும் முயற்சிக்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு ஈழத்தில் இல்லை. ஒரே கண்ணகி கதையினின்றும் அறிஞர் யாழை மீட்டனர். ஊரார் கொம்பை இழுத்தனர். அடிகள் மீட்ட யாழுக்கு வாசிப்போர் மரபு அற்றுப்போயிருந்தது. கொம்புக்கோ அன்று இழுப்போர் இருந்தனர். அதனாலேயே அதனை மீட்கவேண்டிய பொருளாக எவரும் கருதவில்லை போலும்.

மட்டக்களப்பின் வாய்மொழி மரபுகள் மெல்ல அச்சேறின. தி. சதாசிவ ஐயர் 1940 இல் வசந்தன் கவித்திரட்டினை வெளியிட்டார். பேராசிரியர் சு. வித்தியானந்தனின் முயற்சியால் 1962 இல் மட்டக்களப்பு நாட்டுப் பாடல்கள் நூலுருப் பெற்றன, எவ். எக்ஸ். சி. நடராசாவின் மட்டக்களப்பு மான்மியப் பதிப்பும் அதே ஆண்டினது. பண்டிதர் வி. சீ. கந்தையாவின் 'மட்டக்களப்புத் தமிழகம்' 1964 இல் வந்தது. கண்ணகி வழக்குரையையும் அவரே பதிப்பித்தார். இவ்வுழைப்பு இல்லையேல் இன்று நாம் பேசுவதற்கு ஆதாரமே இராது.

எனினும் ஒரு குறையைச் சுட்டுதல் கடன். நொக்ஸ் நாணி விட்டதை மேலைத்தேயத்தார் மட்டுமே விட்டனர் என்பதற்கில்லை. சைவ ஒழுக்கமும் பள்ளிக்கூடக் கல்வியும் வகுத்த நாகரிக வரையறைக்குள் நின்ற தமிழறிஞருக்கும் ஏசற்பாடல் அச்சுக்குரியதாகத் தோன்றியிராது. பக்திப்பாடல் நூலேறுவது எளிது. வசை நூலேறுவது அரிது. அம்மனின் சினத்தைத் தணித்தது குளிர்த்திப் பாடல் மட்டுமன்று, ஊரே வெட்கம் விட்டுச் சிரித்த சிரிப்பும் ஆகும் என்பதை ஏற்போமாயின், விட்டது விளையாட்டின் பாதியாகும். இன்னொன்று: இக்கட்டுரையில் நாம் பெயர் குறிப்பிட்ட சேகரிப்பாளர் அனைவரும் ஆடவர். கணவனின் சேரியை எதிர்த்துத் தன் தந்தையின் சேரி வெல்ல வேண்டுமென விரும்பிய மனைவியின் சொல் அவர்தம் குறிப்பேட்டை எட்டியிருத்தல் அரிது.

மானிடவியலாளர் இவ்விடத்திற் புதியதொரு கண்கொண்டு நோக்கினர். எல். ஆர். ஹயற் 1973 இல் பத்தினி வழிபாட்டைத் தமிழர் நோக்கில் ஆராய்ந்தார். கணநாத் ஒபயசேகர 1984 இல் வெளியிட்ட பெருநூல் அங்கெலியவுக்கு விரிவான உளப்பகுப்பாய்வு விளக்கம் தந்தது. அக்கரைப்பற்றை மையமாகக் கொண்ட டெனிஸ் மக்கில்வ்றேயின் ஆய்வு 2008 இல் நூலாகியது. கட்சி, குடி, உறவுமுறை என்பன இவர்களால் ஆய்வுக்கு வந்தன. ஆயின் இந்நூல்கள் ஆங்கிலத்திலேயே உள்ளன. ஊருக்குத் திரும்பி வரவில்லை.

5. தொலைவிலிருந்து ஓர் ஒப்புமை

விளையாட்டினைச் சேகரித்தல் பற்றிய இச்சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. முற்றிலும் வேறான ஒரு துறையில், கைத்தொழில் வளர்ச்சியின் உச்சியில் நிற்கும் நாடுகளிலும் அது எழுந்துள்ளது. எடுத்துக்காட்டாக, காசு போட்டு ஆடும் ஆர்கேட் விளையாட்டுப் பொறிகளை நோக்கலாம். யப்பானின் டைற்றோ நிறுவனம் 1978 இல் வெளியிட்ட ஸ்பேஸ் இன்வேடர்ஸ், நம்கோ நிறுவனம் 1980 இல் வெளியிட்ட பக்மான் முதலியன உலகெங்கும் பரவின. பின்னர் வீட்டுக் கணினி வரவே, ஆயிரக்கணக்கான பொறிகள் குப்பையாயின. சில விளையாட்டுக்கள் பரீட்சார்த்தமாகச் செய்யப்பட்ட ஓரிரு பொறிகளோடு நின்றுபோயின. அட்டாரி நிறுவனம் 1982 இல் செய்து கைவிட்ட அக்கா ஆர் என்னும் விளையாட்டு, விரல்விட்டெண்ணத்தக்க பொறிகளில் மட்டுமே எஞ்சி, 2019 இலேயே பொதுவாகக் கிடைக்கலாயிற்று.

இவற்றை மீட்டோர் பெரும்பாலும் அரசாங்கமோ பல்கலைக்கழகமோ அல்லர், தனியார்வலரே. இத்தாலியரான நிக்கொலா சல்மோரியா 1997 இல் தொடங்கிய மேம் என்னும் மென்பொருள் முயற்சி, பழைய பொறிகளின் சில்லுக்களிற் பதிந்துள்ள கட்டளைகளைப் படித்தெடுத்து, இக்காலக் கணினியில் இயங்கச் செய்தது. அவ்வுழைப்பினிடையே அறிஞர் கற்றுக்கொள்ள வேண்டிய ஒரு பாடம் உண்டு. காப்கொம் நிறுவனம் 1993 இல் அறிமுகப்படுத்திய சிபிஎஸ்-2 என்னும் பலகையில், விளையாட்டுக் கட்டளைகள் மறையீட்டில் எழுதப்பட்டிருந்தன. மறையீட்டின் திறவுகோல் ஒரு சிறு மின்கலத்தின் வலுவினால் நினைவகத்தில் தங்கியிருந்தது. மின்கலம் ஓய்ந்தால் திறவுகோல் அழியும். பலகை பழுதின்றி இருக்கும், சில்லுகளும் அவ்வாறே, ஆயினும் ஆட்டம் எழாது. அதனைத் தற்கொலை மின்கலம் எனச் சேகரிப்பாளர் அழைத்தனர். பின்னர் ஆர்வலர் பலர் கூடி அம்மறையீட்டை அவிழ்த்தனர் என்பது வேறு கதை.

கொம்புக்கும் இத்தகைய திறவுகோல் ஒன்றுண்டு. அது சேரி பற்றிய நினைவு. கொம்பும் வடமும் பழுதின்றி இருப்பினும், தான் எந்தச் சேரி என்பதை அறியாத ஓர் ஊரில் ஆட்டம் எழாது. இளைஞர் இருபக்கம் நின்று கயிறிழுக்கலாம்; அது கயிறிழுத்தலேயாகும். மறையீட்டினை அறிவுக்கூர்மையால் அவிழ்த்ததுபோல, மறந்த சேரியை எவராலும் கணித்தறிய முடியாது. தந்தை சொல்லியே மகன் அறிதல் வேண்டும்.

ஒப்புமைக்கு எல்லையும் உண்டு. பொறியின் விளையாட்டுச் சந்தைக்காகச் செய்யப்பட்ட பண்டம். கொம்பு எவருக்கும் விற்கப்பட்டதில்லை. எனினும் இரண்டிடத்தும் ஆட்டத்தின் களம் மீளவில்லை என்பதை நோக்குக. ஆடுபவன் பின்னால் நெருங்கி நின்ற கூட்டமும், தன் முறைக்காகப் பொறியின்மீது காசு வைத்துக் காத்திருந்தோரும் மென்பொருளில் இல்லை.

6. மறைவின் காரணங்கள்

கொம்பு விளையாட்டு ஏன் அருகியது? நாகரிகம் வளர மூடநம்பிக்கை மறைந்தது என ஒருசாராரும், மேனாட்டு மோகத்தால் மரபு அழிந்தது என மறுசாராரும் கூறுவர். இவ்விரு விடைகளும் பொருளியல் அடிப்படையை நோக்கத் தவறியவை.

முதலாவதாக, வேண்டுதலின் தேவை மாறியது. அம்மை குத்துதல் பரவியது. உலக சுகாதார நிறுவனம் 1980 இற் பெரியம்மை ஒழிந்ததாக அறிவித்தது. 1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் நீர்ப்பாசனத்தின் நிலையை மாற்றியது. கொள்ளைநோயும் வானமும் ஊரை ஒருசேர அச்சுறுத்திய காலத்தில் ஊர் ஒருசேரத் திரண்டது. வாய்க்கால் நீருக்கு அதிகாரியை நாடவேண்டிய காலத்தில், திரளவேண்டிய இடமும் மாறியது. கல்லோயாத் திட்டம் நிலத்தையும் குடித்தொகையையும் பற்றிய கசப்பான பிணக்குகளையும் உடன்கொணர்ந்தது. 1961 இல் அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிக்கப்பட்டபோது, கண்ணகி வழிபாட்டால் ஒன்றுபட்டிருந்த ஊர்கள் நிருவாகத்தால் இரண்டாயின.

இரண்டாவதாக, ஊரே குலைந்தது. 1983 இன் பின்னர் தீவிரமடைந்த போர் இப்பிரதேச மக்களை மீண்டும் மீண்டும் இடம்பெயர்த்தது. வாவியின் ஒருகரை ஒருவர் கட்டுப்பாட்டிலும் மறுகரை இன்னொருவர் கட்டுப்பாட்டிலும் கிடந்த ஆண்டுகள் பல. இரவிற் பெருங்கூட்டம் கூடுதல் அச்சத்துக்குரியதாயிற்று. 2004 ஆம் ஆண்டு மார்கழி 26 ஆந் திகதிய ஆழிப்பேரலை எழுவான்கரையை அழித்தது. இறந்தோர் பட்டியல்களில் ஒவ்வொருவர் சேரியையும் எழுதிவைத்தவர் எவருமிலர். நூல் எரிந்தால் அதன் மற்றொரு படி எங்கேனும் கிடைத்தல் கூடும். சேரி அறிந்த முதியவர் மாண்டால் படி இல்லை.

மூன்றாவது காரணம் நுண்மையானது. கட்சி கட்டி முரணுதல் என்பதன் பொருளே அக்காலத்தில் மாறிவிட்டது. தோற்ற பக்கம் ஏச்சினைக் கேட்டு வீடு திரும்பும் என்னும் உறுதியின்மீதே கொம்பு ஆடப்பெற்றது. எதிர்ப்பக்கத்தில் நிற்றல் உயிராபத்தாகிய நாட்டில், ஊரை வேண்டுமென்றே இரண்டாகப் பிரித்து விளையாட எவர் துணிவர்? இனக்கலவரத்தால் தமிழ் ஊரும் சிங்கள ஊரும் ஒன்றின் ஆட்டத்தை மற்றொன்று காணும் வாய்ப்பும் இழந்தன. தமிழரும் சிங்களவரும் கலந்து வாழும் பாணமையில் அங்கெலிய நெடுங்காலம் தொடர்ந்தமை, இவ்வாட்டம் இனத்தின் சொத்தன்று, அயலின் சொத்து என்பதற்குச் சான்றாகும்.

7. மீட்பின் வழி

மீட்பு முயற்சிக்கு நம்மிடம் ஒரு முன்னுதாரணம் உண்டு, அதுவே எச்சரிக்கையுமாகும். வித்தியானந்தன் 1962 இற் பேராதனையில் 'கர்ணன் போர்' கூத்தை மேடையேற்றியபோது, கற்றோர் இகழ்ந்த ஒரு கலைக்குக் கௌரவம் கிடைத்தது. அது பெரும் பணி. ஆயின் விடிய விடிய வட்டக்களரியில் ஆடிய கூத்து, குறுகிய நேரத்துப் படச்சட்ட மேடைக்குச் சுருங்கியது. இச்சுருக்கத்தை வினாவியவர்களும் மட்டக்களப்பிலேயே தோன்றினர். சீலாமுனையில் சி. ஜெயசங்கர் முன்னெடுத்த கூத்து மீளுருவாக்கம், ஆடுவோரையே ஆய்வாளராகக் கொண்டு, ஊரின் களரியிலேயே மாற்றத்தை உரையாடியது. கொம்புக்கும் ஏற்ற வழி அதுவே என்பது எம் துணிபு.

விழா ஒன்றின் நிகழ்ச்சிநிரலில் அரைமணி நேரம் ஒதுக்கி, மாணவரை இருபக்கம் நிறுத்தி, கொம்பை இழுத்துக் காட்டுதல் தவறன்று. அறியாதோர் அறிய அது உதவும். அதனை மீட்பு என அழைப்பதே தவறு. மீட்புக்கு முன் செய்யவேண்டிய சேகரிப்பு வேறு. ஊர்தோறும் குடும்பந்தோறும் யார் எந்தச் சேரி என்பதை முதியோர் வாய்மொழியாற் கேட்டுப் பதிதல் வேண்டும். பெண்களையும் கேட்டல் வேண்டும். பெண்கள் கேட்டல் வேண்டும். ஏசற்பாடல்களை வெட்டாமலும் திருத்தாமலும் பதிதல் வேண்டும். இவ்வாறு பதிந்தவை நகரத்து நூலகத்தோடு நில்லாது அவ்வவ்வூர்ப் பள்ளிக்கும் கோயிலுக்கும் திரும்புதல் வேண்டும். அங்கெலிய ஆடும் ஊராருடன் அவற்றை ஒப்பிட்டுப் பேசும் வாய்ப்பையும் உண்டாக்குதல் வேண்டும்.

முற்போக்கு நோக்குடையோர் ஓர் ஆட்சேபத்தை எழுப்பக்கூடும். கோயில் மரியாதையும் சாதி வரிசையும் பின்னிக்கிடந்த ஒரு நிலமானிய மரபை ஏன் மீட்க வேண்டும்? இவ்வாட்சேபம் நியாயமானது. வடத்தைத் தொட உரிமை யாருக்கு இருந்தது, பறை முழக்கியவர் எங்கே நிறுத்தப்பட்டார் என்னும் வினாக்களையும் அதே குறிப்பேட்டில் எழுதுதல் வேண்டும். மரபினைச் சேகரித்தல் என்பது அதன் புகழைச் சேகரித்தல் மட்டுமாகாது. ஆயின் குடியும் சாதியும் மேலிருந்து கீழாக மனிதரை அடுக்கின; சேரியோ அவ்வடுக்கைக் குறுக்கே வெட்டி வீட்டுக்குள்ளேயே சமமான எதிரணியை அமைத்தது. முரண்பாட்டை அழிக்காது, பகையாகவும் வளரவிடாது, விதிக்குள் வைத்து ஆடித்தீர்க்கும் அறிவு ஒன்று இவ்வூர்களில் இருந்தது. முப்பதாண்டுப் போரைக் கண்ட ஒரு நாட்டுக்கு அவ்வறிவு அற்பமானதன்று.

கம்பளை மக்கள் மன்னன் தடையை மீறி ஆடியபோது அவர்களுக்கு வேண்டியிருந்தவை இரண்டு: காட்டிலிருந்து ஒரு கொம்பு, நினைவிலிருந்து ஒரு சேரி. கொம்பு இன்றும் காட்டில் உண்டு. சேரியை அறிந்தோர் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் இன்னும் சிலர் உளர். அவர்களிடம் செல்வதற்கு நாம் காலந்தாழ்த்தலாகாது.